இடிக்கும் முன் அளக்க வேண்டியவை: சென்னையின் நாற்பது வயது அடுக்ககங்கள்

அடையாறு, அண்ணா நகர், மயிலாப்பூர், கே.கே. நகர் என்று சென்னையின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் 1980-களில் எழுந்த மூன்று மாடி அடுக்ககங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிபட்டு வருகின்றன. சங்கக் கூட்டங்களில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டடம் வலுவிழந்துவிட்டது, இனி தாங்காது. கூரையிலிருந்து பெயர்ந்து விழுந்த சிமெண்டுப் பாளமும் வெளியே தெரியும் துருக்கம்பியும் சாட்சியாக முன்வைக்கப்படும். ஆனால் பேச்சைத் தொடங்கி வைப்பது பல இடங்களில் துரு இல்லை, மனைக்கணக்கு.

நான்கு கிரவுண்டு மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9,600 சதுர அடி. சென்னையில் சாதாரணக் குடியிருப்புக்கான தளப்பரப்புக் குறியீடு, பில்டர்கள் வாயில் எஃப்.எஸ்.ஐ., நெடுங்காலம் 1.5 ஆக இருந்தது. அந்த மனையில் 14,400 சதுர அடி கட்டலாம் என்று பொருள். 850 சதுர அடியில் 16 வீடுகள் என்றால் 13,600, ஏறக்குறைய தீர்ந்தது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயர்மாடி வகையில் சேராத கட்டடங்களுக்கு இதை 2 ஆக்கின. அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வேறு: குறைந்தது 9 மீட்டர் அகலச் சாலை என்றால் 30 விழுக்காடு, 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டர் என்றால் 50. நம் மனை 12 மீட்டர் சாலையில் இருந்தால் 26,880 சதுர அடி வரை போகலாம். பழைய 16 பேருக்கும் ஆளுக்கு 1,000 சதுர அடியைச் செலவில்லாமல் கொடுத்த பிறகும் 10,880 சதுர அடி பில்டர் கையில் நிற்கும். கம்பி துருப்பிடித்ததா இல்லையா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்ககக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம் என்கிறது அது. பதினாறில் பதினொருவர் போதும். ஒரே ஒருவர் மறுத்ததால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த திட்டங்களுக்கு இது வழிவிட்டது. கூடவே, கட்டடம் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று கேட்கும் ஐந்து பேரின் குரலும் மெலிந்தது. அந்தக் கேள்விக்கு அளந்து விடை சொல்ல முடியும். அளக்காமல் இடிப்பதும் தவறு, அளக்காமல் பூசி மெழுகுவதும் தவறு.

அந்தக் காலத்துக் கான்கிரீட்

1980-களின் கட்டடம் ஏன் நாற்பதே ஆண்டில் தளர்கிறது? நூறாண்டு கடந்த சுண்ணாம்புச் சுவர்கள் அதே தெருவில் நிற்கும்போது இது நியாயமான கேள்விதான்.

அன்று நடப்பில் இருந்தது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு. இரும்புக்கம்பிக் கான்கிரீட்டுக்கு எம்-15 தரம், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் அழுத்தம் தாங்கும் தரம், அதில் அனுமதிக்கப்பட்டிருந்தது. களத்தில் அது சிமெண்டு, மணல், ஜல்லி 1:2:4 என்ற கைக்கலவை. தளத்துக் கம்பிக்குக் கீழே 15 மி.மீ. கான்கிரீட் மூடினால் போதும். 2000-ஆம் ஆண்டுப் பதிப்புதான் குறைந்தபட்சத் தரத்தை எம்-20 ஆகவும் தள மூடலை 20 மி.மீ. ஆகவும் உயர்த்தியது. காகிதத்தில் 15 என்றிருந்த மூடல், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித்துண்டை முட்டுக்கொடுத்து வார்த்த தளங்களில் பல இடத்தில் 8, 10 மி.மீ. தான் இருக்கும். கம்பியை மிதித்துக்கொண்டே கான்கிரீட் கொட்டுவார்கள். முட்டுக்கொடுத்த ஜல்லி நழுவிவிட்டால் கம்பி செண்டரிங் பலகையிலேயே படுத்துவிடும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து உள்ளே போகப் போக அந்தக் காரம் குறையும். போகும் ஆழம் ஏறத்தாழக் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 20 ஆண்டில் 15 மி.மீ. போயிருந்தால் 40 ஆண்டில் 30 இல்லை, 21 மி.மீ. தான். ஆனால் 15 மி.மீ. மூடலுள்ள தளத்துக்கு 20-ஆவது ஆண்டிலேயே கவசம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கீழிருக்கும் மெல்லிய கான்கிரீட் அதனால்தான் பாளம் பாளமாகப் பெயர்கிறது.

சென்னைக்கு இன்னொரு தொல்லை உப்பு. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் உப்புக்காற்று ஒரு பக்கம். உவர்ப்பான போர் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே ஊற்றி நனைத்த கட்டடங்கள் இன்னொரு பக்கம். காற்றால் காரம் இழந்த கான்கிரீட்டில் கம்பி பரவலாக, மெதுவாகத் தேயும். உப்பு புகுந்தால் ஓரிடத்தில் குழி விழுந்தாற்போல அரித்துக்கொண்டே போகும். வெளியே விரிசல் தெரிவதற்குள் 12 மி.மீ. கம்பி பாதியாகியிருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. எது என்று தெரியாமல் போடும் எஸ்டிமேட்டுக்கு மதிப்பில்லை.

சேதம் பொதுவாகக் கட்டடம் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. கழிவறைகளின் தாழ்தளத்து அடிப்பக்கம், சன்ஷேடு, பால்கனி நுனி, மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் குட்டைத் தூண்கள், மொட்டைமாடித் தளம், கார் நிற்கும் தரைத்தளத்தில் தூண்களின் அடி ஒரு மீட்டர்: பெரும்பாலான கட்டடங்களில் பட்டியல் இதுதான். உள்ளறைகளின் தளமும் பீமும் நன்றாகவே இருக்கும். சங்கக் கூட்டத்துக்கு வரும் புகைப்படங்கள் மட்டும் எப்போதும் கழிவறை அடிப்பக்கத்தில் எடுக்கப்பட்டவை.

எதை, எப்படி அளப்பது

கண்ணால் பார்ப்பதும் சுத்தியலால் தட்டுவதும் முதல் வேலை. உள்ளே பிரிந்து நிற்கும் கான்கிரீட் வெற்று ஓசை தரும். ஒவ்வொரு தளத்தின் வரைபடத்திலும் அந்த இடங்களைக் குறித்துக்கொண்டால், சேதம் தளப்பரப்பில் எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும். கருவிகள் அதற்குப் பிறகுதான்.

மேற்பரப்பில் அடித்து எகிறும் அளவை வைத்துப் பலத்தை ஊகிக்கும் ரீபவுண்டு சுத்தியல் எளிது, மலிவு, அதனால் எல்லா அறிக்கையிலும் இருக்கும். பழைய கட்டடத்தில் அது பொய் சொல்லும். காரம் இழந்த மேற்பரப்பு இறுகிவிடுவதால் எண் கூடுதலாகக் காட்டும். எம்-12 கூட இல்லாத தூண் எம்-25 என்று வரலாம். சரியாக அளவீடு செய்தபோதும் இதன் மதிப்பீடு 25 விழுக்காடு வரை இப்படியோ அப்படியோ போகும். எந்தத் தூண் மற்றவற்றைவிட மோசம் என்று ஒப்பிட மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுத்தியல் எண்ணை மட்டும் வைத்து "பலம் போதும்" என்றோ "இடிக்க வேண்டும்" என்றோ எழுதிய அறிக்கையை இரண்டுக்குமே நம்பக்கூடாது.

மீயொலி வேகச் சோதனை உள்ளே ஓட்டை, தேன்கூடு போன்ற பொத்தல் இருக்கிறதா என்று காட்டும். வினாடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நல்ல கான்கிரீட், கீழே என்றால் சந்தேகம். கருவியின் இரு முனைகளையும் தூணின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து அளக்க வேண்டும். பூச்சைச் செதுக்காமல் மேலேயே வைத்தால் பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத்தான் அளந்திருப்பார்கள்.

உண்மையான பலத்துக்குக் கோர், அதாவது துளைத்தெடுக்கும் கான்கிரீட் உருளை, எடுத்தே ஆக வேண்டும். 20 மி.மீ. ஜல்லிக்கு 60 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத உருளை, அதைப் போல இரு மடங்கு நீளம், ஓரிடத்துக்கு மூன்றுக்குக் குறையாமல். மூன்றின் சராசரி, வடிவமைப்புத் தரத்தில் 85 விழுக்காடும், எதுவும் தனியாக 75-க்குக் குறையாமலும் இருந்தால் ஐ.எஸ். 456 அதை ஏற்கிறது. எம்-15 கட்டடத்தில் 12.75 நியூட்டன் வந்தால் அது தோல்வி இல்லை, அந்தக் காலத்து வடிவமைப்புக்கு அதுவே போதும். இன்றைய எம்-25-ஐ அளவுகோலாக வைத்து "பலம் பாதிதான்" என்று எழுதும் அறிக்கைகள் உண்டு. படிப்பவர் திடுக்கிடுவார், பொருள் ஒன்றுமில்லை. கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் கண்டுபிடித்துவிட்டே துளை போட வேண்டும், எடுத்த குழியைச் சுருங்காத சிமெண்டுக் குழம்பான கிரவுட்டால் அன்றே நிரப்ப வேண்டும்.

காரத்தைப் பார்ப்பதற்கு ஃபீனாஃப்தலின். சாராயத்தில் கரைத்த ஒரு விழுக்காட்டுக் கரைசலைப் புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், இழந்த இடம் நிறம் மாறாது. மேற்பரப்பிலிருந்து சிவப்பு தொடங்கும் வரை உள்ள ஆழத்தை, அதே இடத்துக் கம்பி மூடலோடு ஒப்பிட வேண்டும். துளையிட்ட தூசி ஒட்டியிருந்தால் கெட்ட இடமும் சிவக்கும்; தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அப்படியே. ஊதிச் சுத்தம் செய்து, உடைத்த சில நிமிடங்களுக்குள் தெளிக்க வேண்டும்.

உப்புக்கு, கம்பி ஆழத்திலிருந்து எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு என்பது ஐ.எஸ். 456 வைத்த வரம்பு. மேற்பரப்பில் நிறைய, உள்ளே குறைவு என்றால் உப்பு காற்றிலிருந்து வந்தது, மேல்பூச்சால் தடுக்கலாம். எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்றால் அது கலவைத் தண்ணீரிலேயே வந்த உப்பு. கட்டடத்தின் எல்லாத் தூணிலும் அதே உப்பு இருக்கும், ஒட்டுப்போட்டுத் தீராது. இடிக்கலாமா வேண்டாமா என்பதை இந்த ஒரு சோதனை தீர்மானித்துவிடக் கூடும். அநேக அறிக்கைகளில் இல்லாததும் இதுதான்.

கடைசியாகக் கம்பியின் மின்னழுத்தச் சோதனை. செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டால் கழித்தல் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போகும் இடங்களில் துரு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காடு வாய்ப்பு. கழித்தல் 200-க்கு மேலே இருந்தால் நடக்கவில்லை என்பதற்கு அதே 90. இடைப்பட்டது தெளிவில்லை.

பழுது பார்த்தால் நிற்குமா

சேதம் தளங்களின் ஓரிடங்களிலும் கழிவறைகளிலும் மட்டும், தூண்கள் நலம், உப்பு வரம்புக்குள் என்று வந்தால் பழுதுபார்ப்பு நிற்கும். ஆனால் வழக்கமாகச் செய்யும் முறையில் செய்தால் மூன்று மழைக்காலத்தில் அதே இடம் மீண்டும் விழும். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டிவிட்டு, கம்பியின் கீழ்ப்பாதியை மட்டும் தேய்த்து, வண்ணம் அடித்து, சிமெண்டு பூசுவதுதான் அந்த வழக்கம். கம்பியின் மேல்பாதியில் துரு அப்படியே இருக்கும்.

சரியான வரிசை இது. முதலில் ஜாக்கி, பழுதுபார்க்கும் தளத்துக்குக் கீழே மட்டும் இல்லை, எடை தரை வரை இறங்கும்படி ஒவ்வொரு மாடியிலும். பிறகு பழுதின் எல்லையை நல்ல கான்கிரீட் வரும் வரை தள்ளி, ஓரத்தை 10 மி.மீ. ஆழத்துக்குச் செங்குத்தாக அறுக்க வேண்டும். ஓரம் மெலிந்து முடிந்தால் அங்கேதான் முதல் விரிசல் வரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20 மி.மீ. போல, கான்கிரீட்டை எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றிலும் உலோக நிறம் வரும் வரை சுத்தம் செய்து விட்டத்தை அளக்க வேண்டும். 12 மி.மீ. கம்பி 10.7-க்குக் கீழே போயிருந்தால் குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டும். நல்ல பகுதியில் இரு பக்கமும் விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 60 செ.மீ., மேற்கவிய வேண்டும். துத்தநாகப் பூச்சு, பிடிப்புப் பூச்சு, அது பசையாக இருக்கும்போதே பாலிமர் கலந்த சாந்து. ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ., அதற்கு மேல் அப்பினால் தன் எடையிலேயே தொங்கி இடைவெளி விடும். பிறகு ஈரம் காத்தல். ஏழு நாள் என்று எழுதிவிட்டு இரண்டு நாளில் விடுவது நம் ஊர்ப் பழக்கம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒட்டுக்குப் பக்கத்து இடம் வேகமாகத் துருப்பிடிப்பதுண்டு. ஒட்டுப்போட்ட இடத்துக் கம்பி இப்போது புதுக் காரத்தில் பத்திரமாக இருக்கிறது. அதே கம்பியின் அடுத்த பகுதி உப்பேறிய பழைய கான்கிரீட்டில். முன்பு சேதமடைந்த பகுதி துருவைத் தானே ஏற்றுக்கொண்டு பக்கத்தைக் காத்துவந்தது, இப்போது அந்தக் காவல் போய்விட்டது. உப்பு உள்ள கட்டடங்களில் ஒட்டின் ஓரங்களில், கம்பிக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகத் தியாக முனைகளைக் கம்பியோடு கட்டி வைப்பது இதற்காகத்தான்.

தூண் பலவீனம் என்றால் சுற்றி உறை போட வேண்டும். பழைய கட்டடங்களைப் பலப்படுத்துவதற்கான தரநிலை ஐ.எஸ். 15988 குறைந்தது 100 மி.மீ. தடிமன் கேட்கிறது, பழைய கான்கிரீட்டைவிட 5 நியூட்டன் கூடுதல் பலம் கேட்கிறது. 230க்கு 300 தூண் 430க்கு 500 ஆகும். கார் நிறுத்தும் தரைத்தளத்தில் இரு தூண்களுக்கு நடுவே 20 செ.மீ. குறையும், கார் கதவைத் திறக்க முடியாமல் போய்ச் சங்கத்தில் சண்டை வரும். இதை வேலை தொடங்குமுன் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டுக் காட்டிவிடுவது நல்லது. உறைக்குரிய கம்பி அஸ்திவாரத்தில் ஊன்றித் தொடங்கி, தளத்தைத் துளைத்து மேல்மாடிக்குப் போக வேண்டும். பீமின் அடியோடு நிறுத்திவிட்டால் பார்வைக்குத் தடித்த தூண், எடை மட்டும் பழைய தூணிலேயே இறங்கும்.

மொட்டைமாடி ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டுக்கு மேலேயே இன்னொரு 75 மி.மீ. செங்கல் ஜல்லிக் கலவை போடுவார்கள். சதுர மீட்டருக்கு 140 கிலோ. 300 சதுர மீட்டர் மாடியில் 42 டன் கூடுதல். தளத்தை வடிவமைத்தவர் இதைக் கணக்கில் வைத்திருக்க மாட்டார். பழையதைப் பெயர்த்து எடுத்துவிட்டே புதியது போட வேண்டும், 60-க்கு 1 சரிவில்.

நில அதிர்வும் உண்டு. நில அதிர்வுத் தரநிலையான ஐ.எஸ். 1893-இன் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதற்கு முன் கட்டிய, தரைத்தளத்தைச் சுவரில்லாமல் கார்களுக்கு விட்ட அடுக்ககங்களில் மேல்மாடிகள் செங்கல் சுவரால் விறைப்பாகவும் தரைத்தளம் வெறும் தூண்களோடு இளகலாகவும் நிற்கின்றன. நுழைவைத் தடுக்காத சில இடைவெளிகளில் கான்கிரீட் சுவர் எழுப்பினால் இது பெருமளவு சரியாகும். பழுதுபார்ப்பு எஸ்டிமேட்டில் இதைச் சேர்க்காதவர்கள் துருவை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் இடிக்க வேண்டிய கட்டடங்கள் உண்டு. கலவையிலேயே உப்பு, தூண் கோர்கள் பத்து நியூட்டனுக்குக் கீழே, அஸ்திவாரம் சமமில்லாமல் அமிழ்ந்து சுவர்களில் மூலைவிட்ட விரிசல்: இவற்றில் இரண்டு சேர்ந்தால் பழுதுபார்ப்பது வீண்செலவு. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் முழுதாகச் சரிந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் சற்று முன்தான் வெளியேறியிருந்தார்கள், உயிர் தப்பினார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தைக் காப்பாற்றுவது பசுமைப் பணி ஆகாது.

நிலம் மிச்சமாகிறதா

மறுகட்டுமானத்துக்குச் சொல்லப்படும் வலுவான நியாயம் நிலம் சார்ந்தது. மெட்ரோவும் பேருந்தும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் கூடுதல் பேர் குடியிருந்தால், செங்கல்பட்டுப் பக்கம் இன்னொரு ஏரிக்கரை மனையாக வேண்டியதில்லை. இது உண்மை. ஆனால் சதுர அடி கூடுவதும் குடும்பங்கள் கூடுவதும் ஒன்றல்ல. அதே 26,880 சதுர அடியில் பழையவர்களுக்கு ஆளுக்கு 1,000, புதிய வீடுகள் சுமார் 1,100 என்று போனால் 16 குடும்பம் 26 ஆகலாம். பழையவர்கள் 1,200 கேட்டு, மிச்சமுள்ள 7,680-இல் 1,900 சதுர அடி வீடுகள் கட்டினால் மொத்தம் 20 குடும்பம்தான். நான்கு குடும்பத்துக்காக ஒரு கட்டடம் முழுதாகப் போகிறது. பல நல்ல முகவரிகளில் நடப்பது இரண்டாவது வகை என்பது விற்பனை விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும்.

போவது எவ்வளவு? பழைய 13,600 சதுர அடி என்பது 1,263 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 12 செ.மீ. தளம் 300 கிலோ, பீமும் தூணும் 150, தரைப்பூச்சும் மேல்தளச் சாந்தும் 120, செங்கல் சுவரும் பூச்சும் 400 என்று கூட்டினால் ஒரு டன்னை நெருங்கும். இடிபாட்டுக்கு டைஃபாக் என்ற மத்திய அரசு அமைப்பு நெடுநாள் முன் சொன்ன 300 முதல் 500 கிலோ என்ற எண்ணைத்தான் பலர் இன்னும் எடுத்தாள்கிறார்கள்; இந்த வகைக் கட்டடத்துக்கு அது குறைவு. ஆயிரத்து இருநூறு டன் என்றால் பத்து டன் லாரிக்கு 120 நடை. புதிய கட்டடத்துக்கு, சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டு, 4 கிலோ கம்பி என்ற மேஸ்திரிக் கணக்கில் 10,750 மூட்டையும் 107 டன் இரும்பும் வேண்டும். ஒரு டன் சிமெண்டுக்கு 0.6 டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு வெளியாகிறது. சிமெண்டு மட்டுமே 320 டன்.

அந்த 120 நடை ராபிஷ் எங்கே போகிறது என்பதில்தான் நிலத்தின் மறுபக்கம் இருக்கிறது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மாநகராட்சியின் இடிபாட்டுச் செயலாக்க மையங்கள் உள்ளன. 2016-ஆம் ஆண்டு விதிகள், நாளுக்கு 20 டன்னுக்கு மேல் அல்லது ஒரு பணியில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் இடிபாடு வந்தால் வகை பிரித்து, முன்கூட்டியே திட்டம் கொடுக்கச் சொன்னன. நடப்பில் இடிப்பு ஒப்பந்தக்காரர் கம்பி, தேக்குக் கதவு, ஜன்னல் சட்டம் ஆகியவற்றின் விலையைக் கணக்கிட்டு உரிமையாளருக்கே பணம் கொடுத்து வேலை எடுப்பார். மதிப்பில்லாத ராபிஷைத் தொலைவில் கொண்டுபோக அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. பக்கத்துத் தாழ்வான மனை, ஏரியோரம், சதுப்பின் விளிம்பு என்று அது இறங்கும். 2022-இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரங்கள் பல பத்தாண்டாக மேடேறியதில் இந்த லாரிகளுக்கும் பங்குண்டு. மைலாப்பூரில் இடித்தது வேளச்சேரியில் வெள்ளமாக நிற்கும்.

உடைத்து எடுத்த கான்கிரீட் ஜல்லி வீண்பொருள் இல்லை. ஜல்லி, மணலுக்கான தரநிலை ஐ.எஸ். 383-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, எம்-25 வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடும், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25-உம், எம்-15-க்குக் கீழான அடிமட்டக் கலவையில் முழுவதுமாகவும் அதை அனுமதிக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: செங்கல், பூச்சு, டைல்ஸ், மரம் ஆகியவற்றோடு கலக்காமல் இடிக்க வேண்டும். முதலில் கதவு, மின்கம்பி, குழாய், பிறகு சுவர், கடைசியில் சட்டகம். ஜே.சி.பி.யை விட்டு மொத்தமாகச் சாய்த்தால் இரண்டு வாரம் மிச்சம், ஜல்லி குப்பை.

வேறு பயனுக்கு மாற்றுவது

குடியிருப்பாகவே நீடிக்க வேண்டியதில்லை என்றால் இன்னொரு வழி பயன்மாற்றம். இதில் முதலில் பார்க்க வேண்டியது தளம் தாங்கும் பாரம். வீட்டுக்கு வடிவமைத்த தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. கோப்புகளுக்குத் தனி அறை உள்ள அலுவலகத்துக்கு 250, வகுப்பறைக்கு 300, நிலையான இருக்கை இல்லாத கூடத்துக்கு 500, நூலக அடுக்கறைக்கு 600 வேண்டும். வீடு விடுதியாவது எளிது, சிறு அலுவலகமாவது கொஞ்சம் பலப்படுத்தினால் முடியும், கிடங்காவது கூடாது. தி.நகர்ச் சந்துகளில் பழைய வீடுகளின் மேல்மாடியில் துணி மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருப்பது இந்தக் கணக்குக்கு நேர் எதிரானது. பாரம் என்ற தடையைக் கடந்தாலும் அனுமதி தடுக்கும்: பயன் மாறினால் கார் நிறுத்த இடமும் தீயணைப்பு வழியும் புதிய விதிப்படி கேட்கப்படும், 1985-இல் கட்டிய ஒன்றரை மீட்டர்ப் பக்கவெளி அதற்கு இடம் கொடுக்காது. பயன்மாற்றத் திட்டங்கள் கான்கிரீட்டால் அல்ல, பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோகின்றன.

பெரிய அளவில் சென்னை இதைச் செய்து பார்த்திருக்கிறது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமுமாக 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட ஓமந்தூரார் வளாகக் கட்டடம் 2014 பிப்ரவரியில் பல்நோக்கு மருத்துவமனையானது. அரசியல் சண்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சில ஆண்டே பழகிய கட்டடத்தைப் பூட்டிப்போடாமல் பயன்படுத்திய செயல் அது. சேப்பாக்கத்தின் கலச மகாலோ வேறு வகை. 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை சரிந்த பிறகு, இடிக்கலாம் என்ற பேச்சைத் தாண்டிப் பொதுப்பணித் துறை அதை மீட்டது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது.

கலச மகால் போன்றவற்றுக்கு மேலே சொன்ன கான்கிரீட் மருத்துவம் எதுவும் பொருந்தாது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாகக் குத்திட்டு அடுக்கி, மேலே ஏழரை செ.மீ. செங்கல் ஜல்லிக் கலவை போட்டு ஐந்து செ.மீ. ஆகும் வரை அடித்து இறுக்கியிருப்பார்கள். கெடுவது பெரும்பாலும் சுவருக்குள் போகும் உத்தர நுனி. அதை மட்டும் மாற்றலாம். சிமெண்டுப் பூச்சு போட்டால் சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று மரத்தை அழுக வைக்கும். ஜார்ஜ் டவுனில் பல வீடுகள் சிமெண்டு பூசிய பிறகுதான் ஒழுகத் தொடங்கின.

மறுகட்டுமானமே முடிவானாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்டு எழுதி வாங்கக்கூடியவை உண்டு. உப்பும் கோரும் அடங்கிய சோதனை அறிக்கையின் முழு நகல், பில்டர் அமர்த்தாத பொறியாளரிடமிருந்து. வகை பிரித்து இடிப்பது, ஒவ்வொரு லாரிக்கும் செயலாக்க மையத்தின் எடைச்சீட்டு கொடுப்பது, சீட்டு வராத டன்னுக்குப் பிடித்தம். பழைய திறந்த கிணற்றை மூடாமல் மாடி மழைநீரை வடிகட்டி அதில் விடுவது. 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழியாவது தோண்டுவார்கள், கிணறு அதைவிடப் பன்மடங்கு வாங்கும். கடலோர மணலில் அடித்தளம் தோண்டி நாள்கணக்கில் நீர் இறைப்பதாக இருந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்களின் விரிசல்களை முன்கூட்டியே படமெடுத்து, அளவு குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைப்பது. நான்கு பக்கமும் சிமெண்டுத் தளம் போடாமல் பக்கவெளியில் மண் விடுவது எத்தனை சதுர அடி என்று எண்ணாலேயே குறிப்பிடுவது. "பசுமை வளாகம்" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் யாரும் அளக்க முடியாது.